கயிறு கட்டிய விண்கலம்

விண்கலம் படம் கீறுகிறவர்கள் எல்லோரும் முதலில் மூக்கைத்தான் கீறுவார்கள். கூராக, பளபளவென்று, பார்க்கிறவர்கள் வாய் பிளக்கிற மாதிரி. எஞ்சினைக் கடைசியில், மிச்சமிருக்கிற இடத்தில் எங்காவது செருகிவிடுவார்கள். என் தொழிலே இதுதான் என்பதால் சொல்கிறேன். கணினி விளையாட்டுகளுக்கு, உலகத்தில் எங்குமே இல்லாத விண்கலங்களை வரைந்து கொடுக்கிறேன். அதுவும் கற்பிட்டியில் வீட்டில் இருந்துகொண்டே, பக்கத்து அறையில் மகள் கத்திக்கொண்டிருக்க. புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் படம் அனுப்பினால் நான் அழகைப் பற்றி ஒரு சொல் கேட்பதில்லை. எஞ்சின் பழுதானால் திருத்துகிற ஆளுக்குக் கை போகுமா என்றுதான் கேட்பேன். இல்லாத கப்பலின் இல்லாத எஞ்சினுக்குள் யாருடைய கை போகவேண்டுமாம் என்று அவர்கள் மனதுக்குள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். பதினொரு வயதில் என்னிடமும் இதே கேள்வி கேட்கப்பட்டது. நானும் இப்படியேதான் திட்டினேன்.

கேட்டவர் சாச்சா. வாப்பாவின் தம்பி, உம்மாவின் தங்கையைக் கட்டியவரும் அவரேதான். நானாவும் தம்பியுமாக ராத்தாவையும் தங்கையையும் முடித்து ஒரே வளவுக்குள் வந்து சேர்ந்தவர்கள். இரண்டு வீடு, ஒரு கிணறு, எங்கள் குசினிக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். சாச்சிக்கும் என் வயதில் ஒரு மகள். நான் அவளைவிடப் பதினேழு நாள் மூப்பு. அந்தப் பதினேழு நாளை வைத்துக்கொண்டு நான் பண்ணிய அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே வகுப்பு, ஒரே வாங்கில் இருப்பு, தலைக்கு வைக்கிற எண்ணெய் கூட ஒரே போத்தல். அவள் இல்லாமல் நான் பள்ளிக்கூடம் போன நாள் அதுவரை ஒன்றுகூட இல்லை.

வாப்பாவுக்கும் சாச்சாவுக்கும் பொதுவாக ஒரு பைபர் வள்ளம் இருந்தது. களப்பில் நண்டு வலையும் இறால் வலையும் போட்டுக்கொண்டு சந்தோசமாகத்தான் இருந்தார்கள். அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு ஒரு கிழமை முன்னால், வெளிக்கடலுக்கும் போய்ப் பார்க்கலாம் என்ற ஆசையில், எஞ்சின் பூட்டுகிற பின்பலகையைச் சாச்சா இரண்டு விரல் தாழ்த்தி வெட்டினார். எஞ்சின் கொஞ்சம் இறங்கி நின்றால் விசிறி தண்ணீரை நன்றாகப் பிடிக்கும் என்பது அவர் எண்ணம். கடலுக்கு அது சரி. களப்பில் அப்படியில்லை, முழங்காலளவு தண்ணீருக்குள் மணல்திட்டு ஒளிந்திருக்கும். பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் விசிறி ஒரு திட்டில் அடித்து, எஞ்சின் பலகையிலிருந்து துள்ளிக் கழன்று, பக்கத்து ஓடைக்குள் போய்விட்டது. இப்படி ஏதும் நடந்தாலும் எஞ்சின் கைவிட்டுப் போகாமலிருக்கத்தான் அதையும் வள்ளத்தையும் சேர்த்து ஒரு காவல் கயிறு கட்டுவார்கள். அதைக் கட்டுவது எப்போதும் வாப்பாவின் வேலை. அன்றைக்குக் கயிறு கட்டியிருக்கவில்லை.

மூன்று நாள் இரண்டு பேரும் தண்ணீருக்குள் இறங்கிக் காலாலும் கோலாலும் துழாவினார்கள். ஓடையில் நீரோட்டம் பலம், எஞ்சின் அகப்படவில்லை. மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு வெறுங்கையோடு வந்தவர்கள் வேலியோரமாக நின்று சண்டை பிடித்தார்கள். நான் அப்போது வேப்பமரத்து ஊஞ்சலில் ஏறி நின்றபடி எல்லாவற்றையும் பார்த்தேன். பலகையை யார் வெட்டச் சொன்னது என்று வாப்பா கேட்டார். கயிறு எங்கே நானா, கயிறு எங்கே என்று சாச்சா திரும்பத் திரும்பக் கேட்டார். வாப்பா அதற்கு மட்டும் பதில் சொல்லவேயில்லை. கடைசியில் சாச்சா கையிலிருந்த மரக்கோலை நிலத்தில் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. வாப்பா வேறொருவரின் வள்ளத்தில் ஆளாகப் போனார். சாச்சா வெங்காயத் தோட்டங்களில் தண்ணீர்ப் பம்பு திருத்தித் திரிந்தார்.

ஐந்து மாதம் இரண்டு பேரும் கதைக்கவில்லை. கதைக்கவில்லை என்றால் சுத்தமாகக் கதைக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. முஸ்லிமுக்கு முஸ்லிம் மூன்று நாளைக்கு மேல் கதையாமல் இருக்கக் கூடாது என்று பள்ளிவாசலில் சொல்லியிருக்கிறார்களே. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பள்ளிவாசல் படியிலோ கிணற்றடியிலோ கண்டால் ஒருவர் ஸலாம் சொல்வார். மற்றவர் அட்சரம் பிசகாமல் பதில் சொல்வார். அத்தோடு சரி. கடமை முடிந்தது, பாவமும் இல்லை, சண்டையும் சேதமில்லாமல் அப்படியே இருக்கிறது. இரண்டு பேருக்கும் எவ்வளவு மார்க்கப் பற்று பாருங்கள். ஹஜ்ஜுப் பெருநாளும் அப்படியே வந்து போனது. உம்மாவும் சாச்சியும் மட்டும் எப்போதும்போல ஒரே சட்டியில் மீன் அரிந்துகொண்டு, இந்த ஆம்பிளைகளைப் பற்றி மணிக்கணக்காகக் கதைத்தார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத் தவணை முடிவில் புத்தளத்துத் தில்லையடிக்குக் குடிபோகச் சாச்சா முடிவெடுத்தார். அங்கே அவருடைய கூட்டாளி ஒருவர் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தார். வீடும் பார்த்தாயிற்று. சாச்சியின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் விடுகைப் பத்திரம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் மிச்சம். கடுதாசி ஒன்றைக் கையில் கொடுத்து என் கூட்டாளியை என்னிடமிருந்து பிரித்துவிடலாம் என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. உம்மாவிடம் சொல்லி அழுதேன். உம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டுத் தானும் அழுதார்.

இந்த நேரத்தில்தான் டீச்சர் கண்காட்சி அறிவித்தார். எதிர்கால வாகனம் என்பது எங்கள் வகுப்புக்குக் கிடைத்த தலைப்பு. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு மாதிரியுருவும், பிரிஸ்டல் போட் என்கிற தடித்த அட்டையில் விளக்கமும் செய்ய வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் விண்கலம் என்று முடிவு பண்ணினோம். சேர்ந்து செய்கிற கடைசி வேலை இது, அதனால் பள்ளிக்கூடமே பேச்சு மூச்சில்லாமல் நிற்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவள் எப்போதும்போல ஓம் என்றாள்.

ஊஞ்சல் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பெரிய அட்டை போட்ட சிஆர் கொப்பி ஒன்றில் நான் கீறினேன். என்னுடைய விண்கலத்துக்கு நான்கு எஞ்சின். நான்கும் வயிற்றுக்குள், வெளியே தெரியாமல். எஞ்சின் வெளியே தெரிந்தால் அசிங்கம் என்பது என் கருத்து. எங்கள் வள்ளத்தின் பின்னால் கறுப்பு எண்ணெய் வடிய நின்ற எஞ்சினைப் பார்த்துப் பார்த்து வந்த வெறுப்பு அது. கீறி முடித்ததும் பெருமை தாங்காமல், பம்பு ஒன்றைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்த சாச்சாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

சாச்சா கையைத் துணியில் துடைத்துவிட்டுக் கொப்பியை வாங்கினார். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வயிற்றுக்குள் இருக்கிற எஞ்சினில் ஒரு பிளக் போனால் கழற்றுகிறவனுக்குக் கை போகுமா என்று கேட்டார். வானத்தில் போகிறபோது பிளக் போகாது என்றேன். போகாத பிளக் உலகத்தில் இல்லை என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்த நீலப் பேனையை எடுத்து என் நான்கு எஞ்சினையும் அடித்துவிட்டு, பின்பக்கத்தில் வெளியே இரண்டு எஞ்சின் கீறினார். பக்கத்தில் ‘கை போகும்’ என்றும் எழுதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாப்பாவிடம் முறைப்பாடு சொல்லப் போனேன். வாப்பா கொப்பியைப் பார்த்தார். நீலப் பேனைக் கோடுகளையும் பார்த்தார். யார் கீறியது என்று கேட்கவில்லை. தச்சு வேலைக்கு வைத்திருந்த தடித்த பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். இரண்டு எஞ்சினையும் இவ்வளவு தள்ளித் தள்ளி வைத்தால், ஒன்று நின்றுபோனால் மற்றது ரொக்கட்டை முளையில் கட்டிய ஆடு மாதிரிச் சுற்ற வைக்கும் என்று முணுமுணுத்தபடி, இரண்டையும் நடுவுக்கு இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் கீறினார். வாப்பா பென்சில் பிடித்தால் மரம் அறுக்கிற அழுத்தம். தாளின் மறுபக்கத்தில் கோடு புடைத்து நிற்கும்.

அன்று பின்னேரம் சாச்சா என்னைக் கூப்பிட்டுக் கொப்பி எங்கே என்றார். வாப்பா என்ன சொன்னார் என்று தெரிய வேண்டுமா என்று கேட்டேன்.

“உன்ட வாப்பா என்ன சொன்னார் எண்டு நான் கேக்கல்ல மகள். கொப்பியில என்ன இரிக்கி எண்டுதான் கேக்கிறன்.”

அன்று தொடங்கியது எனக்கும் சாச்சியின் மகளுக்கும் தபால்காரர் வேலை. காலையில் பள்ளிக்கூடம் போகமுன் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, கொப்பி வளவைக் குறுக்கே கடந்தது. எஞ்சின்களைச் சேர்த்து வைத்தால் ஒன்று தீப்பிடித்து மற்றதும் போகும் என்று சாச்சா நடுவில் ஒரு தகரத் தட்டி வைத்தார். எஞ்சின் சூடானால் ஆற்றத் தண்ணீர் வேண்டுமே, வானத்தில் தண்ணீரை எங்கேயிருந்து இழுக்கும் என்று வாப்பா கேட்டார். சாச்சா ஒரு தண்ணீர்த் தாங்கி கீறினார். தாங்கியும் பின்னால், எஞ்சினும் பின்னால் என்றால் மூக்கு மேலே கிளம்பும் என்று வாப்பா தாங்கியை முன்னால் தள்ளினார். விண்வெளியில் பாரமே கிடையாது, டீச்சர் சொன்னார் என்று நான் குறுக்கே விழுந்தேன். இறங்கும்போது பாரம் இருக்கும்தானே என்றார் வாப்பா.

பிறகு சாச்சா, தெரியாத இடத்தில் கரையேற்றும்போது எஞ்சின் தரையில் இடிக்கும் என்று அதை மேலே தூக்கி மடக்குகிற மாதிரிப் பிணைச்சல் போட்டார். இதற்குள் உம்மா எட்டிப் பார்த்து, குசினி எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தால் சமைக்கிறவள் வெந்துபோவாள் என்று சொல்லி அதை நடுவுக்கு மாற்றவைத்தார். சாச்சி தொழுகிற இடம் கேட்டார். வாப்பா எல்லாவற்றுக்கும் மேலாக, கூரையோடு சேர்த்து ஒரு மரக்கோல் கட்டினார். எஞ்சின் இரண்டும் நின்றுபோனால் ஊன்றித் தள்ள ஒரு கோல் இல்லாமல் எந்த வள்ளமும் வெளிக்கிடக் கூடாதாம். அடியே இல்லாத இடத்தில் எங்கே வாப்பா ஊன்றுவது என்று நான் கத்தினேன். போய்ச் சேருகிற இடத்தில் அடி இருக்கும் என்றார்.

என் விண்கலம் போயே போய்விட்டது. கொப்பியில் இப்போது இருந்தது மூடி போட்ட ஒரு வள்ளம். மாதிரியுருவை உடைந்த ரெஜிபோம் நுரை மீன்பெட்டியிலிருந்து வெட்டியதால் அது மணக்கவும் செய்தது. நான் கொப்பியை ஒளித்து வைக்கப் பார்த்தேன். சாச்சியின் மகள்தான் வேண்டாம் என்றாள். கொப்பி வராவிட்டால் அவளுடைய வாப்பா வாசலில் வந்து நின்று எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே இருக்கிறாராம். ஐந்து மாதமாக அவர் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை என்றாள். பதினேழு நாள் இளையவள்; ஆனால் கண் அவளுக்குத்தான் இருந்தது.

கண்காட்சிக்கு முந்தின கிழமை. விடுகைப் பத்திரம் எடுக்க வெள்ளிக்கிழமை வருவதாகச் சாச்சா பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தார். செவ்வாய்க்கிழமை கொப்பியைக் கொடுத்தபோது அவர் வழக்கத்தைவிட நெடுநேரம் அதைப் பார்த்தார். எஞ்சின்கள் பூட்டியிருந்த பின்பலகையை நீலப் பேனையால் மெதுவாகத் திரும்பக் கீறினார். பக்கத்தில் எழுதியதை நான் நடந்துகொண்டே வாசித்தேன்: ‘பலகை ரெண்டு விரல் உயரணும். பதிச்சு வெட்டினது பிழை.’ என் விண்கலத்தின் பலகையை யாரும் பதித்து வெட்டவில்லையே என்று எனக்கு விளங்கவில்லை. சாச்சாவுக்கு வேலை அதிகம், குழம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

வாப்பா அதை வாசித்துவிட்டுக் கொப்பியைத் திருப்பித் தரவில்லை. இரவு சாப்பிடும்போதும் மடியில் வைத்திருந்தார். ரொட்டியில் கறி விடாமலே சாப்பிட்டார். உம்மா என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். புதன்கிழமை முழுக்கக் கொப்பி அவரிடமே இருந்தது. வியாழன் காலையில், நான் சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்கும்போது, கொண்டுவந்து கையில் தந்தார். எஞ்சினிலிருந்து விண்கலத்தின் உடம்புக்கு ஒரு கயிறு கீறியிருந்தார். சும்மா ஒரு கோடு இல்லை. முறுக்கு முறுக்காக, இரண்டு பட்டாக மடித்து, முடிச்சோடு.

என் பொறுமை எல்லை கடந்துவிட்டது. கோலைப் பொறுத்துக்கொண்டேன், பிணைச்சலைப் பொறுத்துக்கொண்டேன். கயிறா? விண்வெளியில் கழன்ற சாமான் விழாது, பக்கத்திலேயே மிதக்கும் என்று டீச்சர் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். கண்காட்சிக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். வாப்பாவிடம் சொன்னேன்.

“கிடக்கட்டும் மகள். கட்டவேண்டிய கயிறு அது,” என்றார்.

நான் தலையாட்டிவிட்டு, பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்கு அழிரப்பரை எடுத்து அந்தக் கயிற்றைத் தேய்த்து அழித்தேன். முறுக்கு முறுக்காக, முடிச்சு உட்பட, ஒன்று விடாமல். சாச்சியின் மகள் பக்கத்தில் இருந்து, பெரியப்பா கோபிப்பார் என்று பயந்தாள். கோபித்தால் கோபிக்கட்டும் என்றேன். இன்றைக்கும் அந்த இடைவேளையை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறும். ஐந்து மாதமாக வாய்க்கு வராத ஒன்றை ஒரு மனிதர் இரண்டு நாள் உட்கார்ந்து கீறித் தந்திருக்கிறார். நான் அதை ஊதித் தட்டிவிட்டு இறால் வடை சாப்பிடப் போனேன்.

பின்னேரம் கொப்பியைச் சாச்சாவிடம் கொடுத்தேன். அவர் வீட்டுக்குள் சாமான் கட்டத் தொடங்கியிருந்தார்கள். அலுமாரியைக் கதவோடு சேர்த்துக் கயிறு சுற்றிக் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். சாச்சா அந்தப் பக்கத்தைத் திறந்தார். தான் எழுதியதற்குக் கீழே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. தாளைத் திருப்பினார், மறுபடி முன்னுக்குத் திருப்பினார். அவர் முகம் வாடிப்போனது எனக்கே தெரிந்தது. சரி மகள், கொண்டு போ என்று கொப்பியை மூடினார்.

மூடும்போது அவருடைய பெருவிரல் தாளில் பட்டது. பட்ட இடத்தில் நின்றது. கொப்பியைத் திரும்பத் திறந்து, வாசல் வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வாப்பாவின் பென்சில் அழுத்தம் என்றேனே. கரி போயிருந்தாலும் கோடு போகவில்லை. விரலால் அதைத் தடவிக்கொண்டே போனார்.

“இதில என்ன இருந்திச்சி?”

“கயிறு.”

“ஆரு கீறின?”

“வாப்பா.”

“ஆரு அழிச்ச?”

நான் அழத் தொடங்கினேன். அடிப்பார் என்று நினைத்தேன். சாச்சா எழுந்து, சாரனைச் சரியாகக் கட்டிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் கொப்பியோடு வளவைக் கடந்து நடந்தார். சாச்சியின் மகளை இழுத்துக்கொண்டு வேறு வழியாகக் குசினிக்குப் பின்னால் ஓடி, ஊஞ்சலில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஓடினால் பிழை செய்தது தெரிந்துவிடும், ஆடிக்கொண்டிருந்தால் தெரியாது என்பது அந்த நேரத்துப் புத்தி.

வாப்பா குசினி வாசலில் கதிரையைப் போட்டுக் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். சாச்சா வந்து ஸலாம் சொன்னார். வாப்பா பதில் சொன்னார். அத்தோடு முடிய வேண்டும். முடியவில்லை. சாச்சா நின்றுகொண்டே இருந்தார்.

“நானா, கயிறு ஒத்தைப் பட்டா, ரெட்டைப் பட்டா?”

வாப்பா வலை ஊசியைக் கீழே வைத்தார். ஊசி உருண்டு போனது, அதை எடுக்கவில்லை.

“ரெட்டைப் பட்டு. பத்து முழம்,” என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

சாச்சாவும் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நான் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வீட்டு வேலை செய்யாமல் ஆடுகிறோம் என்றுதான் முறைக்கிறார்கள் என்று நினைத்தேன். சாச்சாவின் வாய் கோணிக்கொண்டு வந்தது.

“அண்டைக்கே செல்லியிரிக்கலாமே நானா.”

வாப்பா ஏதோ மெதுவாகச் சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை. சாச்சா கதிரைக்குப் பக்கத்தில் நிலத்திலேயே குந்தினார். உம்மா குசினிக்குள்ளிருந்து இரண்டு தேத்தண்ணியோடு வந்தார். முன்னமே ஊற்றி வைத்திருந்த மாதிரி அவ்வளவு சுறுக்கு. அதற்குப் பிறகு மஃரிப் பாங்கு சொல்லும்வரை இரண்டு பேரும் கதைத்தார்கள். ஐந்து மாதக் கதையையும் ஒரே இருப்பில் கதைத்தார்கள். தகரத் தட்டி நல்ல யோசனை என்று வாப்பா சொன்னார். மரக்கோலை நினைத்து ராத்திரி முழுக்கச் சிரித்தேன் என்று சாச்சா சொன்னார். என்னை யாரும் அடிக்கவில்லை, ஏசக்கூட இல்லை. அப்பாடா என்று நான் விட்ட மூச்சில் ஊஞ்சலே ஆடியிருக்கும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாச்சா பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. ஒன்பதரைக்கு வருவார் என்று நாங்கள் இரண்டு பேரும் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்தாகி, பதினொன்றாகி, ஜும்ஆவுக்காகப் பள்ளிக்கூடமும் விட்டது. வீட்டுக்கு வந்தால் அலுமாரி வாசலில் இல்லை. உள்ளே பழைய இடத்தில் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது. தில்லையடிப் பயணம் நின்றுவிட்டது என்று யாரும் எங்களுக்கு அறிவிக்கவில்லை. சாச்சி எங்களைக் கூப்பிட்டு, கட்டிய உடுப்பையெல்லாம் அவிழ்த்து அடுக்கச் சொன்னார். அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் அந்த உடுப்புக் குவியலுக்குள் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் சிரித்ததில்லை.

கண்காட்சிக்கு எங்கள் விண்கலம் போனது. வாப்பாவும் சாச்சாவும் சேர்ந்து ரெஜிபோமை உரசி, இரண்டு எஞ்சினுக்கும் மருந்துப் போத்தல் மூடி வைத்து, பலகையை இரண்டு விரல் உயர்த்தி, வலை நூலை முறுக்கிக் கயிறும் கட்டித் தந்தார்கள். பார்வையிட வந்த சேர் ஒருவர் சிரித்துக்கொண்டே, கழன்றாலும் விழாத இடத்தில் எஞ்சினுக்குக் கயிறு எதற்கு என்று கேட்டார். தெரியாது சேர், வாப்பா கட்டினது என்றேன். சாச்சியின் மகளின் அழகான கையெழுத்தில் நான் ஏற்கெனவே பிரிஸ்டல் அட்டையில் எழுதவைத்திருந்ததையும் காட்டினேன். எல்லாப் பாகத்துக்கும் அம்புக்குறி போட்டு என்ன, எதற்கு என்று விளக்கம் இருந்தது. கயிற்றுக்கு நேரே, ‘தேவையில்லை’ என்று இருந்தது. எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை.

போன வருடம் என் மகளுக்கு ஊஞ்சல் கட்டலாம் என்று வீட்டில் கயிறு தேடினேன். உம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வள்ளத்துக் கயிற்றில் மட்டும் கைவைத்துவிடாதே, ஒருமுறை பட்டது காணும் என்றார். பிறகுதான் சொன்னார். அந்த நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஊஞ்சல் கேட்டு அழுதிருக்கிறோம். கடை பூட்டியிருந்ததால் வாப்பா எஞ்சினின் காவல் கயிற்றை அவிழ்த்து வந்து கட்டியிருக்கிறார். பெருநாள் முடிந்ததும் கழற்றப் போனபோது நான் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றேனாம். சரி, இன்னும் ஒரு நாள் என்று விட்டிருக்கிறார். கயிறு எங்கே என்று தம்பி வேலியோரம் கேட்டபோது, கையை நீட்டிக் காட்டத் தேவைகூட இல்லை; நான் அதில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுடைய காதில் விழுந்தால் அவர்கள் பிறகு ஊஞ்சல் பக்கமே போகமாட்டார்கள் என்று வாப்பா உம்மாவின் வாயையும் கட்டியிருக்கிறார். அன்று சாச்சாவிடம் அவர் மெதுவாகச் சொன்னதும் அதுதானாம்.

எனக்கு அப்போது இதெல்லாம் எங்கே தெரிந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கண்காட்சி முடிந்த கிழமை, மாமி ஒருவரின் வீட்டில் சும்மா கிடந்த பழைய எஞ்சின் ஒன்றை இரவல் வாங்கி, பலகைக்கு இரண்டு விரல் கட்டை வைத்து உயர்த்தி, வாப்பாவும் சாச்சாவும் வள்ளத்தை நிமிர்த்தினார்கள். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் வேப்பமரத்தில் ஊஞ்சல் இல்லை. பலகை மட்டும் மரத்தடியில் சாய்ந்து கிடக்கிறது. யார் கழற்றியது என்று கேட்டேன். வாப்பா தான்தான் என்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வேறு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாப்பாவோடு மூன்று நாள் நான் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஸலாம் மட்டும் சொன்னேன்.